எஃப்டி8க்கு எந்தச் சவுண்ட்கார்டு?

எஃப்டி8 என்பது கணினி உண்டாக்கும் ஒலியை ரேடியோவில் அனுப்பிக் குறுஞ்செய்தி பரிமாறுகிற டிஜிட்டல் முறை. கணினிக்கும் ரேடியோவுக்கும் இடையில் ஒலியைக் கொண்டுபோய் வருவது சவுண்ட்கார்டு. இவை யாழ்ப்பாணத்தில் டிஜிட்டல் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் கேட்டவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டதால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணை, ஐகொம் 7300 ரேடியோ வைத்திருக்கிறேன். கணினியோடு இணைக்க எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்? (சுன்னாகம்)

ஒன்றும் வாங்காதையும் தம்பி. சவுண்ட்கார்டு அதற்குள்ளேயே இருக்கிறது. பிரிண்டருக்குப் போடுகிற சதுர முனை யூஎஸ்பி வயர் ஒன்று காணும்.

என்னுடையது பழைய யேசு (Yaesu) 817 ரேடியோ. சிக்னாலிங்க் என்ற இன்டர்ஃபேஸ் விலை கூடவாக இருக்கிறது. கடையில் விற்கிற சின்ன யூஎஸ்பி சவுண்ட்கார்டு சரிவருமா? (பருத்தித்துறை)

சரிவரும். நாம் அனுப்புவது 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்குகிற ஒலி. எஃப்டி8 சிக்னல் ஒன்று 50 ஹெர்ட்ஸ் அகலம்தான். பாட்டுக் கேட்கிற தரம் இதற்குத் தேவையில்லை. விலை கொடுத்து வாங்க வேண்டியது மின்தனிமைப்படுத்தலைத்தான். மடிக்கணினியின் எர்த்தும் ரேடியோவின் எர்த்தும் வயர் வழியாக ஒட்டிக்கொண்டால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் ஏறும். ஒலி போக ஒன்று, வர ஒன்றாக 600 ஓம் 1:1 டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும், பிடிடிக்கு (ரேடியோவை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றுகிற இணைப்புக்கு) ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்துகிற ஒரு ஆப்டோகப்ளரும் போட்டால் அந்தத் தொல்லை போய்விடும். சிக்னாலிங்கில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளேயே உண்டு. ஒலி வந்தவுடன் தானாக டிரான்ஸ்மிட்டுக்கு மாறும். ஆனால் அலைவரிசையைக் கணினியிலிருந்து மாற்ற அது உதவாது. டிஜிரிக் என்ற இன்னொரு இன்டர்ஃபேஸில் அதற்கும் வழி இருக்கிறது.

நீங்களே செய்வதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். 817இன் பின்பக்க டேட்டா முனைக்கு 40 மில்லிவோல்ட் அளவு போதும். ரெசிஸ்டர் போட்டுக் குறைக்காமல் கணினி ஒலியை நேரே கொடுத்தால் சிக்னல் கிழிந்துதான் வெளியே போகும்.

டிரான்ஸ்மிட் பண்ணினால் மவுஸ் உறைந்துபோகிறது, சவுண்ட்கார்டு காணாமல் போகிறது. பழுதா, அண்ணை? (நல்லூர்)

பழுதில்லை தங்கச்சி, ஆர்எஃப் (ரேடியோ அனுப்புகிற அலை) வயர் வழியாகத் திரும்பி வருகிறது. எனக்கும் நடந்தது. பனையில் எண்ட்-ஃபெட் வயரை (ஒரு முனையில் இணைக்கிற ஆண்டெனா) கட்டிவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டிய கவுண்டர்பாய்ஸ் வயரைப் போடாமல், இரண்டு கிழமை சவுண்ட்கார்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். முதலில் பவரைக் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் நின்றால் காரணம் இதுதான். யூஎஸ்பி வயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். ஆண்டெனாவுக்குப் போகிற கோஆக்ஸ் வயரிலும், திரும்பி வரும் ஆர்எஃப்பைத் தடுக்கிற ஒரு சோக் போடுங்கள்.

எல்லாம் கேட்கிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. (சாவகச்சேரி)

கணினியின் மணிக்கூட்டைப் பாருங்கள். எஃப்டி8 15 விநாடித் துண்டுகளாக ஓடுகிறது. ஒரு விநாடி பிசகினாலே கஷ்டம். சவுண்ட்கார்டைக் கழற்ற வேண்டாம்.

ஒலியளவை எவ்வளவில் வைப்பது?

ரேடியோவின் ஏஎல்சி முள் (ஒலி கூடிப்போனால் ரேடியோ தானே மட்டுப்படுத்துவதைக் காட்டுவது) அசைய ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒவ்வொரு முறையும் 13 விநாடி அளவு இடைவிடாமல் போவதால் பவரைப் பாதியாக வையுங்கள், ரேடியோ சுடாது. விண்டோஸின் வழமையான ஒலிக்கு வேறு சவுண்ட்கார்டைத் தெரிவுசெய்யவும் மறக்காதீர்கள். எஃப்டி8 ஓடுகிற 14.074 மெகாஹெர்ட்ஸில் ஒருவருடைய வாட்ஸ்அப் 'டிங்' சத்தத்தை நானே கேட்டிருக்கிறேன்.