வேனில் பொருத்தும் காபட் கழுவும் இயந்திரம்: நாமே செய்வதா, வாங்குவதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, நான் ஹட்டனில் வாகனச் சேர்விஸ் நிலையம் ஒன்றில் ஆறு வருடங்கள் வேலை செய்தவன். இப்போது விருந்தினர் விடுதிகளிலும் தோட்டத்துப் பங்களாக்களிலும் காபட், சோபா கழுவும் வேலையைச் சிறிய மின் இயந்திரம் ஒன்றை வைத்துச் செய்து வருகிறேன். வெளிநாடுகளில் என்ஜின், வெந்நீர், அழுக்கு நீரை உறிஞ்சும் கருவி எல்லாவற்றையும் வேனுக்குள்ளேயே பொருத்திவிட்டு, குழாயை மட்டும் வீட்டுக்குள் கொண்டு போகிறார்கள் என்பதைக் காணொளிகளில் பார்த்தேன். அப்படியொன்றை இறக்குமதி செய்வதென்றால் பெருந்தொகை கடன்பட வேண்டும். எனக்கு வெல்டிங் தெரியும். 660 சீசீ சிறு வேன் ஒன்றும் பழைய பெட்ரோல் என்ஜின் ஒன்றும் கைவசம் உள்ளன. நானே செய்துகொள்ளலாமா?
— வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, கடன்பட வேண்டாம். அதே வேளை, காணொளியில் கண்ட இயந்திரத்தை முழுவதுமாக நீங்களே செய்யவும் முற்பட வேண்டாம். இரண்டுக்கும் இடையில் உங்கள் கைத்திறனுக்கு ஏற்ற வழியொன்று இருக்கிறது. அதற்கு வருமுன், நம் மலைநாட்டு வீதியோரத்தில் அந்த இயந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதைப் பார்த்துவிடுவோம்.

வண்டியில் இயந்திரத்தை நிறுத்திக் குழாயை வீட்டுக்குள் நீட்டுவது நேற்று வந்த யோசனையன்று. 1901ஆம் ஆண்டு லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் செய்த முதல் தூசி உறிஞ்சியே குதிரை இழுக்கும் வண்டியில்தான் இருந்தது. வண்டி தெருவில் நிற்க, நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக உள்ளே போகும். தெருவும் வீட்டு வாசலும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும் ஊரில் பிறந்த முறை அது. உங்கள் வாடிக்கையாளர்களின் வீடுகளோ வீதிக்கு முப்பது படி மேலே அல்லது முப்பது படி கீழே இருக்கின்றன. வீடு மேலே இருந்தால் பிரச்சினை குறைவு. அழுக்கு நீர் தானாகவே வேனை நோக்கி இறங்கும். வீடு கீழே இருந்தால் அந்த நீரை உறிஞ்சும் விசைதான் தூக்கி எடுக்க வேண்டும். இந்த விசையைப் பாதரச அங்குலத்தில் அளப்பார்கள். ஓர் அங்குலப் பாதரசம் 13.6 அங்குல நீருக்குச் சமம் என்பதால், 10 அங்குல விசை, குழாயை நிறைத்து நிற்கும் நீரை 11 அடிக்குச் சற்று மேலே மட்டுமே உயர்த்தும். வேகமான காற்றோடு துளிகளாகக் கலந்து வரும் நீர் அதைவிட உயரம் ஏறும் என்பது உண்மையே. ஆயினும் குழாய் நீள நீளக் காற்றோட்டம் தளர்ந்து, படிக்கட்டு வளைவுகளில் நீர் தேங்கத் தொடங்கும். அப்போது உங்கள் கையிலுள்ள உறிஞ்சுமுனை காபட்டின் ஈரத்தை எடுக்காமல் விட்டுவிடும், காபட்டும் நனைந்தபடியே கிடக்கும்.

இரண்டாவது விடயம் உயரம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம்; 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 24 அங்குலமாகக் குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத என்ஜின் அங்கே தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 20 குதிரைவலு என்று தகட்டில் எழுதியிருந்தாலும் 16ஐ மட்டுமே கணக்கில் வையுங்கள். கார்புரேட்டர் என்ஜினாக இருந்தால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் சேர்ந்து கரும்புகை தள்ளும். பெட்ரோலை அளவாக விடும் ஜெட்டை மாற்ற வேண்டியிருக்கும். காற்றை இழுத்து உறிஞ்சும் விசையைத் தரும் பாகமான புளோவரும் இதற்கு விலக்கன்று. கொழும்பில் 14 அங்குலம் வரை இழுத்த புளோவருக்கு, அதே அளவு சிரமத்தில், நுவரெலியாவில் கிடைப்பது 11 அங்குலந்தான். விசையைத் தளர்த்திவிடும் வால்வைக் கொழும்புக் கணக்கிலேயே வைத்து இயக்கினால் புளோவர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகிக் கெட்டுப்போகும். வாங்கினாலும் செய்தாலும் இந்த இழப்பு உண்டு. விலை கொடுத்து வாங்கியவர் இதை அறியாமல் ஏமாறுகிறார், செய்பவர் முன்னதாகவே கணக்கிட்டுக்கொள்ளலாம் என்பது மட்டுமே வேறுபாடு.

இனி உங்கள் வேன். 660 சீசீ சிறு வேன்களுக்கு ஜப்பானிய விதிப்படி சுமை எல்லை 350 கிலோ. தனி என்ஜின், புளோவர், பம்ப், சட்டகம் எல்லாம் சேர்ந்த சராசரி இயந்திரம் ஒன்றே 250 கிலோவுக்குக் குறையாது. அதன்மேல் 200 லீற்றர் நல்ல நீரை ஏற்றினால் இன்னொரு 200 கிலோ. ஆளும் குழாய்ச் சுருளும் ஏறுமுன்பே எல்லையைக் கடந்துவிட்டீர்கள். பாதி நிறைந்த தாங்கியில் நீர் ஒவ்வொரு வளைவிலும் பக்கம் மாறி மோதும் என்பதையும் மறக்கக் கூடாது. ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது அந்த மோதல் வேனையே சாய்க்கப் பார்க்கும். ஆகையால் தாங்கிக்குள் குறுக்குத் தடுப்புத் தகடுகள் வைப்பது அவசியம். உங்கள் சிறு வேனில் முழு இயந்திரத்தைப் பொருத்தும் எண்ணத்தை நான் தெளிவாகவே மறுக்கிறேன். பெரிய வேன் வாங்கிய பிறகு மீண்டும் பேசலாம்.

எந்தப் பாகத்தைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் பண்டாரவளையில் நண்பர் ஒருவரின் கராஜில், கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய புளோவரையும் ஒரு பெட்ரோல் என்ஜினையும் பெல்ட்டால் இணைத்து நாங்கள் ஓர் இயந்திரம் செய்தோம். முதல் நாள் வேலை மிக அழகாக நடந்தது. விருந்தினர் விடுதி ஒன்றின் மண்டபத்தில் பாதியை முடித்துவிட்டு, மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பினோம். மறுநாள் காலையில் புளோவர் அசையவேயில்லை. அதற்குள் சுழலும் இரண்டு வார்ப்பிரும்பு மடல்களுக்கு இடையில் உள்ள வெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். ஈரக்காற்றை நாள் முழுவதும் இழுத்த அந்த மடல்கள், இரவு மூடுபனியில் ஒரு மெல்லிய துருப் படலம் ஏறியதும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டன. வேலை முடிந்ததும் குழாயைக் கழற்றிவிட்டு, வெறும் காற்றை இழுக்கவிட்டு, உள்ளே எண்ணெய் தெளித்து நிறுத்தியிருந்தால் அது நேர்ந்திராது. எங்களுக்கு அதைச் சொல்ல யாருமில்லை, கையேடும் இல்லை. பாதி கழுவிய மண்டபத்தோடு அந்த விடுதிக்காரர் பட்ட அவதியை நான் இன்றும் வருத்தத்துடன் நினைக்கிறேன். வாங்கிய இயந்திரத்தில் நீங்கள் விலை கொடுப்பது இரும்புக்கு மட்டுமன்று. இத்தகைய தவறுகளை நமக்கு முன்பே செய்து திருத்திக்கொண்டவர்களின் அறிவுக்கும் சேர்த்துத்தான்.

புளோவராவது பணத்தோடு போகும். வெந்நீர் அப்படிப்பட்டதன்று. கையால் செய்பவர்கள் பெரும்பாலும் சைலன்சரைச் சுற்றிச் செப்புக் குழாயைச் சுருட்டி, புகையின் சூட்டில் நீரைச் சுடவைக்கிறார்கள். நீரைத் திறக்கும் கைப்பிடியை அழுத்தி நீர் ஓடும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும். கைப்பிடியை விட்டதும் நீர் சுருளுக்குள்ளேயே நிற்கிறது. என்ஜினோ ஓடிக்கொண்டே இருக்கிறது. அழுத்தத்துக்குள் அடைபட்ட நீர் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, பலவீனமான இணைப்பொன்று விட்டுக்கொடுத்த கணத்தில் நீராவியாகச் சீறி வெளியே வரும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால், வெடித்த இடத்தில் அது இன்னும் எளிதாக ஆவியாகும். தொழிற்சாலை இயந்திரத்தில் அழுத்தத்தைத் தளர்த்தும் வால்வு, சூடு மிகுந்தால் நீரைத் தாங்கிக்குத் திருப்பிவிடும் வால்வு, அதற்கும் மிஞ்சினால் என்ஜினையே நிறுத்தும் ஆளி என மூன்று காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இந்த மூன்றில் ஒன்றைக்கூட விட்டுவிட்டு வெந்நீர்ச் சுருள் செய்யாதீர்கள். உங்கள் உதவியாளர் பையனின் முகம் அந்தக் குழாய்க்கு அருகில்தான் இருக்கும்.

புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்கு ஒதுங்கி, ஹோட்டலின் முகப்புக் கூரைக்கு அடியில் வேனை நிறுத்தி என்ஜினை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு திறந்த கதவு வழியாக உள்ளே போகும். குழாய் போவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருப்பவரும் நீங்களே.

ஆகவே என் முடிவு இதுதான். உறிஞ்சும் மோட்டார் இரண்டும் நீர்ப் பம்பும் கொண்ட, சக்கரத்தில் நகர்த்தக்கூடிய நல்ல மின் இயந்திரம் ஒன்றை, இயலுமானால் பாவித்ததாகவே பார்த்து வாங்குங்கள். அதற்கான வேன் ஏற்பாடு முழுவதையும் நீங்களே செய்யுங்கள்: துருப்பிடிக்காத சட்டகம், தடுப்புத் தகடு வைத்த சிறிய நீர்த்தாங்கி, குழாய்ச் சுருள் ராக்கை, இயந்திரத்தை இறக்க ஒரு சாய்தளம், படிகளில் இருவர் தூக்கக் கைப்பிடிகள். வெல்டிங் தெரிந்தவருக்கு இது ஒரு வார வேலை, கடையில் கேட்டால் பெருஞ்செலவு. வேன் வீதியில் நிற்கட்டும். இயந்திரம் காபட்டுக்கு அருகில் போகட்டும். குழாய் பத்து மீட்டரைத் தாண்டாதபோது, சிறிய மோட்டாரும் நீண்ட குழாய் பூட்டிய பெரிய புளோவருக்கு ஈடுகொடுக்கும்.

மின்சாரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 230 வோல்ட்டில் 13 அம்பியர் செருகி தாங்குவது மூன்று கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு மோட்டார்களும் பம்பும் அதைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும். உள்ளிருக்கும் நீர்ச்சூடேற்றியை வேறொரு சுற்றிலிருந்துதான் ஓட்ட வேண்டும். பழைய பங்களாக்களில் இரண்டு அறைச் செருகிகளும் ஒரே பியூஸில் இருக்கக்கூடும். வேலையைத் தொடங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு அடுப்பிலோ கீசரிலோ சுடவைத்த நீரை ஊற்றிக்கொண்டால் சூடேற்றியே தேவைப்படாது. கம்பளி விரிப்புகளுக்கு அளவான சூடும், காரமில்லாத சவர்க்காரக் கரைசலுமே போதும். மலைநாட்டு நீர் மென்னீர் என்பதால் நுரை அதிகம் எழும்; யாழ்ப்பாணத்து நீருக்குச் சொன்ன அளவில் பாதி கரைசலோடு தொடங்கிப் பாருங்கள். நுரை மோட்டாருக்குள் போனால் மோட்டார் போய்விடும்.

அடுத்த மூன்று மாதங்களுக்கு ஒரு கொப்பியில் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள்: எத்தனை சதுர அடி, வேன் எவ்வளவு அருகில் நின்றது, வீடு மேலேயா கீழேயா. ஒரே இடத்தில் நாள் முழுவதும் வேலை தரும் பெரிய ஹோட்டல்களும், வேன் வாசல்வரை போகும் மண்டபங்களும் பள்ளிவாசல்களும் பாதிக்கு மேல் வருகின்றன என்று அந்தக் கொப்பி சொன்னால், பெரிய வேனுக்கும் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் வங்கியை நாடுவதில் நியாயம் உண்டு.

கேள்வி: ஐயா, கழுவிய காபட் நுவரெலியாவில் இரண்டு நாளாகியும் காய்வதில்லை, மணக்கத் தொடங்குகிறது. பெரிய இயந்திரம் இருந்தால் இது தீருமா?
— வாசகி, நுவரெலியா

பதில்: ஓரளவு தீரும், விசை கூடியதால் மிஞ்சும் ஈரம் குறையும். ஆனால், அம்மா, காய்வதைத் தீர்மானிப்பது அறையின் காற்று. மூடுபனி நாளில் ஜன்னல்களை விரியத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுவது ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி ஓட்டுவதாகும். 15 பாகையில் முழுமையாக நனைந்த காற்று ஒரு கனமீட்டரில் ஏறத்தாழ 13 கிராம் நீரையே வைத்திருக்கிறது. அதே காற்றை 25 பாகைக்குச் சூடாக்கினால் அது 23 கிராம் வரை தாங்கும். ஆகவே அறையைச் சூடாக்கி, விசிறியைத் தரையோடு தரையாக வீசவிட்டு, ஜன்னல் ஒன்றைச் சிறிதளவு மட்டும் திறந்து வையுங்கள். காபட்டை விட்டுக் கிளம்பும் ஈரம் அந்த வழியாக வெளியேறும். கழுவும்போது நீர் தெளித்து ஒருமுறை இழுத்தால், நீர் விடாமல் இரண்டு முறை வெறுமனே இழுக்க வேண்டும். கூலியாட்கள் அவசரத்தில் விட்டுவிடுவது இதைத்தான். சணல் அடிப்பாகம் கொண்ட விரிப்பாக இருந்தால் அதிக ஈரத்தில் சுருங்கும், பழுப்புக் கறையும் மேலே ஏறும். அதை மழைக்காலத்தில் கழுவ ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

கேள்வி: வேனில் இயந்திரம் பொருத்த அனுமதி தேவையா? அழுக்கு நீரை எங்கே விடுவது?
— வாசகர், தலவாக்கலை

பதில்: கழற்றி இறக்கக்கூடிய சாமான் என்ற அளவில் இருந்தால் அது சுமை. தரையில் துளையிட்டு, வேனின் என்ஜினிலிருந்தே வலு எடுத்து, இருக்கைகளை அகற்றி நிரந்தரமாகப் பொருத்தினால் அது வாகன மாற்றம். செய்வதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பயனில்லை.

அழுக்கு நீரை வீதியோரக் கானில் திறந்துவிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வேதனை தருவது. உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் தடுக்கிறது. உங்கள் ஊர்க் கானின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் சேர்கிறது. மஸ்கெலியாப் பக்கத்து ஓடைகள் களனி கங்கைக்குப் போகின்றன. கீழேயுள்ளவர்கள் அதைக் குடிக்கிறார்கள். வாடிக்கையாளரின் அனுமதியோடு, வலையால் பஞ்சையும் நூலையும் வடித்துவிட்டு, அவருடைய கழிவறைக் குழியிலேயே ஊற்றுங்கள். ஒரு நாளில் அதிக நீர் சேர்ந்தால் ஒரேயடியாக ஊற்றாமல் பகுதி பகுதியாக விடுங்கள். சிறிய குழிகள் நிரம்பி வழிந்துவிடும்.