தாத்தா குத்தகைக்கு விட்ட விமான ஓடுபாதை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: வக்கீல் ஐயா, உடுமலைப் பக்கம் எங்கள் புன்செய் நிலத்துக்கு நடுவே 900 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு பழைய தார் ஓடுபாதை கிடக்கிறது. பக்கத்துப் பண்ணை முதலாளி சின்ன விமானத்தில் வந்து இறங்குவதற்காக, 1974ல் என் தாத்தாவிடம் 20 வருடக் குத்தகைக்கு எடுத்துப் போட்டது. பத்திரம் பதிவாகியிருக்கிறது. 1990 வாக்கில் அந்த முதலாளி இறந்தார். அதோடு விமானமும் நின்றது, குத்தகைப் பணமும் நின்றது. இப்போது ஊர்க்காரர்கள் அதில் மக்காச்சோளம் காயப்போடுகிறார்கள். போன மாதம் அவருடைய வாரிசுகள் வந்து, ஐம்பது வருட அனுபவம், இடம் எங்களுடையது என்கிறார்கள். அந்த முதலாளி அங்கே கட்டிய தகரக் கொட்டகையைப் பிரிக்கவும் ஆள் கூட்டி வந்தார்கள். பட்டா அப்பா பெயரில் இருக்கிறது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். 'காலி செய்யுங்கள்' என்று எழுதினால், இடம் இன்றுவரை அவர்கள் வசம் இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். உங்கள் வழக்கில் ஆபத்தான இடம் இதுதான்.

குத்தகை 1994ல் முடிந்தது. குத்தகை முடிந்த நாளிலிருந்து 12 வருடத்துக்குள் நில உரிமையாளர் இடத்தை மீட்க வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 67ஆம் உறுப்பு. அந்தக் கெடு 2006லேயே போய்விட்டது. கெடு தாண்டினால் 27ஆம் பிரிவின்படி உரிமையே அற்றுப்போகும். அவர்கள் வக்கீல் இதைத்தான் பிடிப்பார்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம், குத்தகைதாரர் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால்தான். இங்கே அவர்கள் விட்டுவிட்டுப் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரும் பிடித்துவைக்காத காலி நிலத்தின் அனுபவம் உரிமையாளரிடமே இருப்பதாகத்தான் நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்ளும். ஓடுபாதை கைவிடப்பட்டுக் கிடந்ததே உங்களுக்குப் பலம். குத்தகைக்கு வந்தவர் இருந்த காலமும் உரிமையாளர் அனுமதியோடு இருந்ததுதான். அதை எதிரிடை அனுபவமாக, அதாவது உரிமையாளரை எதிர்த்து இடத்தைப் பிடித்துவைத்திருந்த காலமாக, கூட்டிக் காட்ட முடியாது.

இதை நிரூபிக்க அடங்கல் (நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கு) நகல்கள் வேண்டும். 1990 தொடங்கி, கிடைக்கிற எல்லாப் பசலிக்கும் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) எடுங்கள். 900-க்கு 30 மீட்டர் என்றால் 6 ஏக்கர் 67 சென்ட். அந்தப் பரப்பு அடங்கலில் தரிசு என்று இருக்கிறதா, யார் பெயர் இருக்கிறது என்று வரி வரியாகப் பாருங்கள். அப்பா கட்டிய கிஸ்து (நிலவரி) ரசீது ஒன்றுகூடத் தவறக் கூடாது. தாரைப் பிளந்து வேலமரம் முளைத்திருந்தால் வெட்டாமல் போட்டோ எடுங்கள். அந்த மரத்தின் வயதே சாட்சி சொல்லும்.

'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு நிலத்தின் வகையும் உரிமையாளர் பெயரும் உள்ள கிராமக் கணக்கு) ஒரு முறை பாருங்கள். யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பு நடந்த சமயத்தில் இப்படிப்பட்ட துண்டுகளை அரசு புறம்போக்கு என்று எழுதிவிட்ட சங்கதிகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் முதலில் வருவாய்த் துறையில் திருத்த மனு கொடுக்க வேண்டும். விமானம் இறங்கியதாலேயே இடம் அரசுக்குப் போய்விடாது. விமானத்தள உரிமம் என்பது இயக்குவதற்கான அனுமதி. மண்ணின் மேல் அது யாருக்கும் உரிமை தராது. உலகப்போர்க் காலத்தில் அரசு கையகப்படுத்திய ஓடுதளங்கள் வேறு வகை. பஞ்சாபின் பெரோஸ்பூர் மாவட்டத்தில் 1945ல் எடுக்கப்பட்ட ஓடுதளத்தை 1997ல் தனியார் விற்றது இப்போது குற்ற வழக்காகியிருக்கிறது. உங்களுடையது 1974ல் போட்டது என்பதால் அந்தப் பயம் வேண்டாம்.

கொட்டகையைத் தொட விடாதீர்கள். சொத்துரிமை மாற்றச் சட்டம் 108(எச்) பிரிவின்படி, குத்தகைதாரர் தான் கட்டியதை எடுத்துப்போகலாம், ஆனால் இடம் தன் வசம் இருக்கிற வரைக்கும்தான். விட்டுப்போனவர் திரும்பி வந்து பிரிக்க முடியாது.

சோளம் காயப்போடுகிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். உங்களுக்கு நல்ல சாட்சிகள் அவர்கள்தான். 'உரிமையாளர் அனுமதியோடு காயப்போடுகிறோம்' என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஆனால் ஓடுபாதையை வழியாகவும் பயன்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். 20 வருடம் தடையில்லாமல் உரிமையோடு நடந்த பாதைக்கு வசதியுரிமை, அதாவது அடுத்தவர் நிலத்தில் தொடர்ந்து நடக்கிற உரிமை, கோர முடியும். அப்படி இருந்தால் ஓரமாக ஒரு பாதை விட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இவ்வளவும் கையில் வந்ததும் அப்பா பெயரில் வழக்குப் போடுங்கள். வெறும் தடை மட்டும் கேட்கக் கூடாது. உரிமையையே அவர்கள் மறுப்பதால், உரிமை விளம்புகையும் (இடம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) நிரந்தர உறுத்துக் கட்டளையும் (நிரந்தரத் தடை) சேர்த்துக் கேட்க வேண்டும். அதுவரை அவர்கள் முந்திக்கொண்டு இடைக்காலத் தடை வாங்கிவிடாமல் இருக்க, இந்த வாரமே, 'எங்களைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது' என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்கும் கேவியட் மனு போட்டுவிடுங்கள். அது 90 நாள் நிற்கும்.