வாசகர் கேள்வி பதில்: நூலக அலமாரியிலிருந்து பகடைக் கதையாட்டம்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்தில் ஆசை வந்திருக்கிறது. விதிப் புத்தகங்களோ விலை அதிகம், ஆங்கிலமும் கடினம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் புத்தகங்கள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்தே ஆடலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக ஆடலாம். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். இடமும் ஆபத்தும் வழியில் எதிர்ப்படுபவர்களும் அவர் பொறுப்பு. மற்ற மூன்று நான்கு பேரும் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். செய்வது பலிக்குமா என்று சந்தேகம் வரும்போது மட்டும் பகடை. ஆட்டத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

அலமாரிக்குப் போனதும் கை கதைப் புத்தகத்தைத்தான் தேடும். அதை விட்டுவிட்டு உயிரினங்கள், தொழில்கள், கட்டடங்கள், கடல், எரிமலை பற்றிய படப் புத்தகங்களை முதலில் எடுங்கள். கதையில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கலங்கரை விளக்கத்தை நெடுக வெட்டிக் காட்டும் ஒரு படத்தில் படிக்கட்டு இருக்கிறது, எண்ணெய் அறை இருக்கிறது, உச்சியில் விளக்கு இருக்கிறது. ஆனால் அங்கே இன்னும் எதுவும் நடக்கவில்லை. நடக்கப்போவது பிள்ளைகள் கையில்.

எடுத்த புத்தகம் உதவுமா என்று அலமாரி அருகே நின்றபடியே பார்த்துவிடலாம். இரண்டு பக்கம் விரிந்த ஒரு படத்தைத் திறங்கள். உள்ளே நுழையக்கூடிய மூன்று இடங்களாவது தெரிய வேண்டும். ஏதோ ஒன்று தேவைப்படுகிற ஓர் உயிர் வேண்டும். அலை, இருட்டு, மழை என்று நேரம் போகப்போக மாறுகிற ஒன்றும் வேண்டும். மூன்றும் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நூலகம் டூயி தசம முறையில், அதாவது பொருளுக்கு ஓர் எண் என்று கொடுத்து, அடுக்கப்பட்டிருந்தால் விலங்குகள் 590களில் இருக்கும். எரிமலை, குகை, கடலுக்கு 551. நாட்டுப்புறக் கதைகளுக்கு 398.2.

கேள்வி: படம் கிடைத்துவிட்டது. அதை ஆட்டமாக மாற்றுவது எப்படி?
— ஓர் ஆசிரியர், விழுப்புரம்

பதில்: கரையான் புற்றின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சிறுவர் அறிவியல் புத்தகங்களில் அடிக்கடி வரும் படம்தான். ஒரு ஏ4 தாளும் பென்சிலும் முக்கால் மணி நேரமும் போதும்.

தாளில் ஐந்து வட்டம் போடுங்கள்: ராணியின் அறை, பூஞ்சைத் தோட்டம், குஞ்சுகள் வளரும் அறை, காற்றுக் குழாய், வெளிச்சுவர். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் குறைந்தது இரண்டு கோடுகள் வேறு வட்டங்களுக்குப் போக வேண்டும். ஒரே வழி உள்ள அறையில் பிள்ளைகள் போய் முட்டி, வந்த வழியே திரும்புவார்கள். ஆட்டம் அங்கேயே தொய்ந்துவிடும்.

அடுத்து, புத்தகம் சொல்லும் உண்மைகளில் மூன்றை விதியாக்குங்கள். கரையான்களில் காவல் வீரர்களின் தாடை சண்டைக்கென்றே பெருத்தது. தானாக உண்ண முடியாது, வேலைக்காரக் கரையான்தான் ஊட்ட வேண்டும். ஆகவே வீரனாக ஆடும் பிள்ளை இரண்டு காட்சிக்கு ஒருமுறை இன்னொருவரிடம் உணவு கேட்டு வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த உருட்டலில் ஒன்று குறையும். வீரர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் பெரும்பாலும் கண் தெரியாது. ஆகவே நடத்துபவர் ‘நீ பார்க்கிறாய்’ என்று சொல்லவே கூடாது. வாசனை, அதிர்வு, ஈரம், சூடு இவற்றை வைத்தே பேச வேண்டும். ஆபத்து வந்தால் வீரர்கள் தலையால் தரையில் தட்டுவார்கள். ஆகவே ஆடுபவர் விரல் முட்டியால் மேசையைத் தட்டினால் எந்த அறையில் இருப்பவருக்கும் செய்தி போய்ச் சேரும், ஆனால் பேச்சு கிடையாது. ஒரு தட்டு என்றால் என்ன, மூன்று தட்டு என்றால் என்ன என்று பிள்ளைகளே கூடி முடிவு செய்வார்கள். மேசை கலகலப்பாவது இந்த இடத்தில்தான். இப்படி ஒரு விதியை நாம் யோசித்து எழுத ஒரு வாரம் ஆகும். புத்தகத்தில் அது ஒரே வரியாக இருக்கிறது.

கடைசியாக ஒரு கடிகாரம். வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரியுங்கள். உருட்டல் கெடும்போதெல்லாம் ஒரு துண்டுக்குக் கறுப்படியுங்கள். ஆறும் நிறைந்தால் மழை; ஈசல்கள் பறந்தாக வேண்டும். அவை வெளியேறும் துளையை வேலைக்காரர்கள் அதற்குள் திறந்திருக்க வேண்டும். வெளியிலோ கரடி ஒன்று புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. துளையைத் திறப்பதா, சுவரை அடைப்பதா?

நான்கு பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் ஆட இது போதும். பன்னிரண்டு அறைகள் எழுதி வைப்பவர்கள்தான் திணறுகிறார்கள். எழுதியதை எல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பிள்ளைகள் சொல்வது காதில் விழாமல் போகிறது.

கேள்வி: நாட்டுப்புறக் கதையை எடுத்தால், பிள்ளைகளுக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கிறது. ஒப்பிப்பது மாதிரி ஆகிவிடுகிறது.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கதையின் நாயகனை எடுத்துவிடுங்கள், கதையை நடுவிலிருந்து தொடங்குங்கள். பாட்டி வடை சுட்ட கதையையே பாருங்கள். வடையைக் காணோம். காக்கையையும் காணோம். மரத்தடியில் நரி படுத்திருக்கிறது, வாயில் எண்ணெய் இல்லை. பிள்ளைகள் அந்தத் தெருவின் அணில், பூனை, பக்கத்து வீட்டுச் சிறுமி. பாட்டிக்கு மாலைக்குள் வடைக்காசு சேர வேண்டும்; நரிக்கு ஒரு குட்டி பசியோடு இருக்கிறது; காக்கைக்கு அவமானம், வெளியே வர மாட்டேன் என்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு தேவையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். யார் செய்தது என்பதை எழுதாதீர்கள். எழுதிவிட்டால் பிள்ளைகளை அந்த விடைக்கே இழுத்துப் போவீர்கள்; ஒப்பித்தல் மறுபடி வந்துவிடும்.

கேள்வி: இருபது பக்கப் பகடை இங்கே கிடைப்பதில்லை. சாதாரணப் பகடையோ தாயக்கட்டையோ போதாதா?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: போதும். சாதாரணப் பகடை இரண்டை உருட்டிக் கூட்டுங்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் சிக்கல். மொத்தம் 36 வகை விழுவதில் முதலாவதற்கு 6, மற்ற இரண்டுக்கும் தலா 15. பாத்திரத்துக்குக் கைவந்த வேலை என்றால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம்; அப்போது கணக்கு 10, 16, 10 என்று மாறும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த ஒன்று மிகவும் தேவை.

தாயக்கட்டை இன்னும் அழகு. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம், 5, 6, 12 இவை மறு ஆட்டம் தரும் எண்கள் என்று பிள்ளைகளுக்கு முன்பே தெரியும்; அவற்றை வெற்றியாக வையுங்கள். மொத்தம் 16 வகையில் 6 வகை அவை. 3 விழுந்தால் விலையோடு வெற்றி, 4 வகை. 2, 4 விழுந்தால் சிக்கல், 6 வகை. கையால் அராவிய பழைய கட்டை ஒரு பக்கமே சாயும். ஆட்டத்துக்கு முன் நாற்பது முறை உருட்டிக் குறித்துப் பாருங்கள்.

சிக்கல் என்றால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கதவு திறக்கவில்லை என்றால் பிள்ளை மறுபடி உருட்டும், மறுபடியும் உருட்டும். கதவு திறந்தது, ஆனால் சத்தம் கேட்டு யாரோ வருகிறார்கள் என்றால் ஆட்டம் நகரும்.

கேள்வி: இந்த ஆட்டங்களைத் தொடங்கியவர்களும் புத்தகம் பார்த்துத்தான் செய்தார்களா?
— ஒரு கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஆமாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974இல் வெளியிட்டார்கள். 1979இல் வந்த நடத்துநர் கையேட்டில், தனக்குத் தூண்டுதலாக இருந்த நாவல்களை கைகாக்ஸ் ஒரு பின்னிணைப்பாகவே பட்டியலிட்டார். ஆனால் அந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற சில பூதங்கள், இரும்பைத் துருவாக்கித் தின்னும் பூதம் உட்பட, மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. முதலில் உருவம் கிடைத்தது. அது என்ன தின்னும், எதற்குப் பயப்படும் என்பதைப் பிறகுதான் யோசித்தார்கள். படப் புத்தகத்தைத் திறக்கும்போதும் அதே இரண்டு கேள்விகளில் தொடங்கலாம்.

கேள்வி: நூலகப் புத்தகப் படத்தைப் பிரதி எடுத்து வரைபடமாக வைக்கலாமா? செய்த ஆட்டத்தை அச்சிட்டு விற்கலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: படத்தின் மேல் தாள் வைத்து வரையாதீர்கள், பென்சில் அழுத்தத்தில் பக்கத்தில் தடம் விழும், அடுத்த பிள்ளைக்கு அது கெட்ட பக்கம். பார்த்து, வட்டமும் கோடுமாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதுவே நல்ல வரைபடம். பக்க எண்ணையும் குறித்து வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கேட்பார்கள்.

விற்பனை வேறு விஷயம். கரையான் வீரனுக்கு ஊட்ட வேண்டும் என்ற உண்மை யாருக்கும் சொந்தமில்லை. அதைச் சொன்ன வாக்கியமும் வரைந்த படமும் உரிமையுள்ளவை. இந்தியச் சட்டப்படி, எழுதியவரோ வரைந்தவரோ காலமான பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். வாக்கியங்களை உங்கள் சொல்லில் எழுதுங்கள், படங்களைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள்.