விழுந்தவரும் இனி விழப்போகிறவரும்

வணக்கம் ஐயா,

களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குத் தினமும் வேலைக்குப் போய்வர பைக் ஒன்று எடுத்திருக்கிறேன். “பைக் ஓடுறவன் ரெண்டு வகைதான்: விழுந்தவன், இனி விழப்போறவன்” என்கிறார்கள் கூட்டாளிமார். அதைக் கேட்டதிலிருந்து அம்மா திறப்பை ஒளித்து வைக்கிறார். விழுவது தவிர்க்கவே முடியாததா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பல வருடம் ஓடுகிறவர் ஒருமுறையாவது சரிந்திருப்பார். அதை மறைக்க மாட்டேன். ஆனால் முற்றத்து மணலில் சரிவதையும் ஆரையம்பதியில் பஸ்ஸோடு மோதுவதையும் அந்தப் பேச்சு ஒன்றாக்கிவிடுகிறது. “எப்பவோ விழத்தானே போறோம்” என்று ஹெல்மெட்டை முழங்கையில் கொழுவிக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். விழுவது உறுதி என்று நம்புகிறவர்தானே முதலில் பட்டியைப் பூட்ட வேண்டும்? ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை ஏறக்குறைய 69 சதவீதமும் மரண ஆபத்தை 42 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்டி பூட்டாவிட்டால் தலை தரையில் அடிபடுமுன்பே அது கழன்று போய்விடலாம்.

அப்புறம் வேகம். மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஒரு செக்கன் ஆகும். அதுவரை வேகம் கொஞ்சமும் குறையாது. பிரேக் பிடித்த பிறகும், 40இல் வந்து நிற்பதைவிட 60இல் வந்து நிற்க இரண்டேகால் மடங்கு தூரம் வேண்டும். இரவில், எதிரே வரும் லொறியின் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது அந்தத் தூரம் உங்களுக்குக் கிடைக்காது.

நம் பக்கத்து ஆபத்துகள் பெரும்பாலும் சொல்லிவிட்டே வருகின்றன. வேளாண்மை வெட்டு முடிந்தால் படுவான்கரை வீதிகளில் நெல் காயும். கடற்கரைப் பக்க ஒழுங்கைகள் பெரிய வீதியில் ஏறும் இடங்களில் மணல் கிடக்கும். நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் தூசியும் கலந்து தார் வழுக்கும். இடமும் காலமும் தெரிந்த ஒன்றைத் தலைவிதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெல்லோ மணலோ தெரிந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். அதன்மேல் ஏறிய பிறகு சரிக்கவும் வேண்டாம், பிரேக்கை அழுத்தவும் வேண்டாம், நேராகக் கடந்துவிடுங்கள்.

முன் பிரேக்குக்குப் பலர் பயப்படுகிறார்கள். பிடிக்கும்போது பாரம் முன்சில்லுக்கு வருவதால் வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆளில்லாத நேரான வீதியில், மெதுவான வேகத்தில், படிப்படியாக அழுத்திப் பழகுங்கள். கை அதைப் பழகும்வரை டவுன் நெரிசலுக்குள் போக வேண்டாம்.

அம்மாவின் பயம் நியாயமானது, அவரோடு வாதாடாதீர்கள். அவரை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவதென்றால் அவருக்கும் அளவான ஹெல்மெட் ஒன்று வாங்குங்கள். சட்டமும் பின்னால் இருப்பவருக்கு அதைக் கேட்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். பின்சில்லின் பக்கத்தில் துணி சிக்காமலிருக்கப் போட்டிருக்கும் கம்பித் தடுப்பை வடிவுக்காகக் கழற்றியிருந்தால், இன்றைக்கே திரும்பப் பூட்டிவிடுங்கள்.