வெண்டை முற்றுகிறது, தக்காளி சிவக்க மறுக்கிறது: எப்போது பறிப்பது?

கேள்வி: மதுரையில் மொட்டைமாடியில் பைகளில் காய்கறி வளர்க்கிறேன். சித்திரை வெயிலில் வெண்டைக்காய் கண்ணில் படுவதற்குள் நாராகிவிடுகிறது. தக்காளி செம்மஞ்சளாகவே நின்றுவிடுகிறது. விதை உறையில் போட்டிருக்கும் நாள்கணக்கும் பொருந்தவில்லை. எதைப் பார்த்துப் பறிக்க வேண்டும்?

பதில்: விதை உறையில் உள்ள நாள்கணக்கு, காய்ப்பு ஏறக்குறைய எப்போது தொடங்கும் என்பதை மட்டுமே சொல்லும். வெயில் மிகுந்த ஊரில் விதைத்த நாளிலிருந்து எண்ணுவதைவிட, பூ மலர்ந்த நாளிலிருந்து எண்ணுவதே பயன்படும். அந்தக் காயைப் பிஞ்சாக உண்கிறோமா, பழமாக உண்கிறோமா, முற்றவைத்துச் சேமிக்கிறோமா என்பதையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பறிக்கும் அடையாளம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

வெண்டை பிஞ்சாக உண்ணும் வகையைச் சேர்ந்தது. பூ மலர்ந்த 4 முதல் 6 நாட்களுக்குள் அது பறிக்கும் பதத்தை அடைந்துவிடுவதால், கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைப் பார்த்தே ஆக வேண்டும். வாரம் ஒருமுறை பறிப்பவருக்கு நார்தான் மிஞ்சும். விரல் நீளத்தில் இருக்கும்போதே பறித்துவிடலாம். பெரிதாகட்டும் என்று காத்திருப்பதில் லாபம் எதுவும் இல்லை. தவறிப்போய் முற்றிய காயையும் செடியில் விட்டுவைக்காதீர்கள்: விதையை முதிரச் செய்வதில் செடியின் சத்து செலவாகி, புதிய பூக்கள் குறையும்.

பீர்க்கு, சுரை, புடலை ஆகியவற்றின் தோலில் நகம் எளிதாக இறங்க வேண்டும். கத்தரிக்காயின் பளபளப்பு மங்கத் தொடங்கினால், உள்ளே விதை முற்றிவருகிறது என்று பொருள். அவரையும் கொத்தவரையும் விதை வெளியே புடைத்துத் தெரிவதற்கு முன்பும், பாகல் நுனியில் மஞ்சள் தட்டுவதற்கு முன்பும் பறிக்கப்பட வேண்டும்.

தக்காளியின் நிலை வேறு. அதற்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன், வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது சரிவர உருவாவதில்லை. ஆனால் மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் உருவாவது தொடர்கிறது. தாங்கள் காணும் செம்மஞ்சள் இதனால் வந்ததே தவிர, நோயோ உரக்குறையோ அன்று. எனவே காயின் அடிப்பகுதியில் நிறம் மாறத் தொடங்கியவுடனேயே பறித்து, வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். பழுப்பதற்கு வெளிச்சம் தேவையில்லை என்பதால் சன்னலோரம் வைப்பதில் பயனில்லை. பழுக்கும்வரை குளிர்சாதனப் பெட்டியும் வேண்டாம், அந்தக் குளிரில் பழுப்பது நின்று சுவையும் கெடும். செடியிலேயே பழுத்தால்தான் சுவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. நிறம் மாறத் தொடங்கிய காயைப் பொறுத்தவரை அதை நான் ஏற்பதில்லை. அணிலிடமிருந்தும், திடீரெனத் தண்ணீர் கூடும்போது ஏற்படும் வெடிப்பிலிருந்தும் காய் தப்புவது கூடுதல் ஆதாயம்.

கீரையைப் பூங்கதிர் வருவதற்கு முன் பறித்துவிட வேண்டும்: முளைக்கீரையை 3 அல்லது 4 வாரங்களில் வேரோடு பிடுங்கலாம், அரைக்கீரையை அடித்தண்டை விட்டு அறுத்தால் மீண்டும் தழைக்கும். முள்ளங்கியைக் கோடையில் மண்ணுக்குள் விட்டுவைத்தால் உள்ளே பஞ்சாகிவிடும்.

எதைப் பறித்தாலும் வெயில் ஏறுவதற்கு முன் பறிப்பது நல்லது. வெப்பம் கூடக்கூடப் பறித்த காயின் சுவாசமும் விரைவதால், உச்சிவேளையில் பறித்தது அன்று மாலைக்குள்ளேயே வாடத் தொடங்கும்.

முற்றவைத்துச் சேமிக்கும் பரங்கிக்கு மட்டும் நகச்சோதனையைத் திருப்பிப் போட வேண்டும்: தோலில் நகம் இறங்கக் கூடாது, காம்பும் காய்ந்து கட்டைபோல் ஆகியிருக்க வேண்டும். பறிக்கும்போது 2 அங்குலக் காம்பை விட்டு வெட்டுங்கள். காம்பு ஒடிந்த இடத்திலிருந்துதான் பெரும்பாலும் அழுகல் தொடங்குகிறது.