யாயா டூரே: சில கேள்விகள், என் பதில்கள்

கே: கால்பந்து வீரர் யாயா டூரே தற்காப்பு மிட்ஃபீல்டரா (நடுக்களத்தில் நின்று தடுப்பவரா), தாக்கி ஆடுபவரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

ப: எந்த வருஷத்து யாயா என்று முதலில் சொல்லுங்கள். 2009 மே மாதம் ரோமில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அவர் மிட்ஃபீல்டிலேயே இல்லை. அப்போது அவர் ஆடிய பார்சிலோனா அணியில் தடுப்பாட்டக்காரர் மார்க்கெஸுக்குக் காயம். ஆல்வெஸ், அபிதால் என்ற மற்ற இரு தடுப்பாட்டக்காரர்களுக்கும் அந்த ஆட்டத்தில் ஆடத் தடை. புயோலை வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, நடுத் தடுப்பில் பிக்கேவுக்குப் பக்கத்தில் யாயாவை நிறுத்தினார் பயிற்சியாளர் குவார்டியோலா. எதிரே மான்செஸ்டர் யுனைடெட்டின் ரொனால்டோவும் ரூனியும். 2-0 என்று பார்சிலோனா ஜெயித்தது. அதே மனிதர் 2013-14இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்காக லீக்கில் மட்டும் 20 கோல் போட்டார். அவர் காலில் எப்போதும் கோல் இருந்தது, முன்னே ஓட விட்டவர்கள்தான் குறைவு என்பது என் கட்சி.

கே: அப்படிப்பட்டவரை பார்சிலோனா ஏன் விட்டது?

ப: அதே தற்காப்பு மிட்ஃபீல்டர் இடத்துக்கு புஸ்கெட்ஸ் வந்துவிட்டார். அந்த இடத்துக்கு ஒருவர் போதும். 2010இல் யாயா சிட்டிக்குக் கிளம்பினார்.

கே: ஆரம்பம் எங்கே? நேராக ஸ்பெயினா?

ப: அதெல்லாம் இல்லை, ஊர் ஊராகச் சுற்றியவர். பிறந்தது 1983இல், ஐவரி கோஸ்ட்டின் புவாக்கே நகரில். அபிஜானில் ஆசெக் மிமோசா அகாடமியில் பழகினார். அதை நடத்திய ழான் மார்க் கியூ, தன் பையன்களை பெல்ஜியத்தின் பெவெரன் அணிக்கு அனுப்புவார். யாயாவும் 2001இல் அப்படிப் போனவர்தான். அப்புறம் உக்ரைனில் மெட்டலூர் டொனெட்ஸ்க், கிரீஸில் ஒலிம்பியாகோஸ், பிறகு மொனாக்கோ. நடுவில் 2003இல், அண்ணன் கோலோ ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஆர்சனலுக்குச் சோதனை ஆட்டம் ஆடப் போனார். முன்வரிசையில் இறக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. வேலை அனுமதிச் சிக்கல் வேறு. பிற்பாடு ஆர்சனல்காரர்கள் எத்தனை முறை கையைப் பிசைந்திருப்பார்களோ!

கே: சிட்டிக்கு அவர் உண்மையில் என்ன செய்தார்? பணக்கார கிளப், யார் போனாலும் ஜெயித்திருப்பார்கள்தானே?

ப: பணம் இருந்தது, சரி. ஆனால் 35 வருஷமாக அவர்களிடம் பெரிய கோப்பை ஒன்றுகூட இல்லை. 2011இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக ஒரே கோல், யாயா. இறுதியில் ஸ்டோக்குக்கு எதிராகவும் ஒரே கோல், அதுவும் யாயா. அடுத்த வருஷம் சிட்டிக்கு லீக் பட்டத்தையே வாங்கித் தந்த அகுவேரோவின் கடைசி நிமிட கோலை எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் நியூகாசிலில் யாயா போட்ட இரண்டு கோல் இல்லாவிட்டால் அந்தக் கடைசி நிமிடத்துக்கே வேலை இருந்திருக்காது.

கே: பிறந்தநாள் சர்ச்சைக் கதை நிஜமா?

ப: நிஜம்தான். 2014இல் கிளப் தன் ஆளின் பிறந்தநாளை மதிக்கவில்லை என்று ஏஜென்ட் கிளப்பிவிட, யாயாவும் ட்விட்டரில் ஆமாம் போட்டார். அதில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தமே.

கே: தேசிய அணிக்கு என்ன கிழித்தார்?

ப: கொஞ்சம் மரியாதை! 2011 முதல் 2014 வரை தொடர்ந்து நான்கு முறை ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். 2015இல் கேப்டனாக ஆப்பிரிக்கக் கோப்பையும் வாங்கினார். கானாவுடன் கோல் இல்லாத டிரா. பெனால்டியில் முதல் இரண்டு உதையையும் ஐவரி கோஸ்ட் வீணடித்தது. கடைசியில் கோல்கீப்பர் பாரி, எதிரணி கோல்கீப்பர் உதைத்ததைத் தடுத்து, தானே உதைத்து 9-8 என்று முடித்தார். அன்றைய நாயகன் யாயா இல்லை, பாரி. 1992க்குப் பிறகு அந்த நாட்டுக்கு வந்த கோப்பை அது.

கே: ஒரே ஒரு கோல் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

ப: 2014 மே 7, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக. சிட்டி 3-0 முன்னிலை, ஆட்டம் முடியப் போகிறது. யாரும் ஓட வேண்டிய அவசியமே இல்லை. தன் பாதியில் பந்தை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். முதலில் சோம்பலாகத்தான் தெரியும். பிறகு காலை நீட்டி நீட்டி வைக்கிறார், துரத்துகிறவர்கள் பின்தங்கிக்கொண்டே போகிறார்கள். தள்ளிப் பார்த்தாலும் ஆள் அசைவதில்லை. அந்த சீசனின் 20வது லீக் கோல் அதுதான்.