குழாய் அடைபடாமலே இதயத்தில் அடைப்பா?

கேள்வி: என் தந்தையாருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் 'புளொக்' இருக்கிறது, ஆனால் அது இரத்தக் குழாய் அடைப்பு அல்ல என்றார். அப்படியானால் அடைபட்டிருப்பது எது?
— வாசகர், பரந்தன்

பதில்: தடைபட்டிருப்பது இரத்தமன்று, இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்கணத்தாக்கம், அதாவது சிறு மின் சமிக்ஞை. இதயத்தின் மேலறைகளான சோணையறைகளில் வலதுபுறத்ததன் மேற்சுவரிலுள்ள குடாச்சோணைக் கணு என்ற சிறு இழையம், மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை தானாகவே அதனைப் பிறப்பிக்கிறது. நரம்புகள் அந்த வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ மட்டுமே செய்கின்றன.

கணத்தாக்கம் பரவியதும் சோணையறைகள் சுருங்குகின்றன. ஆனால் அவற்றுக்கும் கீழேயுள்ள இதயவறைகளுக்கும் இடையில், மின்னைக் கடத்தாத நாரிழையம் குளக்கட்டைப் போலக் குறுக்கே நிற்கிறது. இரணைமடுக் குளத்து நீர் துருசின் வழியே மட்டும் வயலுக்கு இறங்குவது போல, கணத்தாக்கமும் சோணை இதயவறைக் கணு என்ற ஒரே வாயிலால்தான் இறங்க முடியும். இக்கணுவை 1906இல் விரிவாக விளக்கியவர் ஜப்பானியரான சுனாவோ தவாரா.

அங்கே கணத்தாக்கம் ஏறத்தாழ 0.1 செக்கன் தாமதிக்கிறது. சோணையறைகள் தம்மிடமுள்ள இரத்தத்தை இதயவறைகளுக்குள் தள்ளி முடிப்பதற்கான அவகாசம் அது; இதயத்தின் அமைப்பிலேயே என்னை மிகவும் வியக்க வைப்பது இச்சிறு தாமதந்தான். பின்னர் கணத்தாக்கம் ஹிஸ் கட்டு என்ற நார்க்கற்றையினூடாக இறங்கி, வலதுகரை, இடதுகரை வாய்க்கால்கள் போல இரு கிளைகளாகப் பிரிந்து, பேர்க்கிஞ்சி நார்களால் விரைந்து பரவுகிறது. இதயவறைகள் நுனிப்பக்கமிருந்து மேல்நோக்கிச் சுருங்குகின்றன, ஏனெனில் இரத்தம் வெளியேறும் நாடிகள் மேலேதான் உள்ளன.

ஈ.சி.ஜி.யில் முதலில் தெரியும் சிறு அலை சோணையறைகளுக்குரியது, அடுத்த உயர்ந்த கூர்முனை இதயவறைகளுக்குரியது. முன்னதன் தொடக்கத்திலிருந்து பின்னதன் தொடக்கம் வரையான நேரம் 0.20 செக்கனை மீறினால் அது முதலாம் படி அடைப்பு. பலருக்கு இதற்குச் சிகிச்சையே தேவைப்படாது. இரண்டாம் படியில் சில கணத்தாக்கங்கள் கீழே வந்து சேர்வதில்லை. மூன்றாம் படியில் எதுவுமே வராததால், பெரும்பாலும் இதயவறைகள் நிமிடத்துக்கு 20 முதல் 40 தடவை வரை தாமாகவே மெல்லத் துடிக்க, தலைசுற்றும், மயக்கம் வரும்; அந்நிலையில் பெரும்பாலோருக்கு, இதயத்தைத் துடிக்க வைக்கும் சிறு மின்கருவியான பேஸ்மேக்கரைப் பொருத்த வேண்டியிருக்கும். இருகிளைகளில் ஒன்று மட்டும் தடைபடுவதையும் 'புளொக்' என்றே சொல்வதுண்டு.

ஆகவே உங்கள் தந்தையாருக்கு இருப்பது இவற்றுள் எது என்பதை அடுத்த கிளினிக்கில் தவறாமல் கேட்டறியுங்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளும் இக்கடத்தலைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அவர் எடுக்கும் மருந்துகள் யாவற்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதனையும் நிறுத்த வேண்டாம். மயங்கி விழுந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.